ஈரத் தக்கை

அந்தத் தக்கை காய்ந்திருக்க வேண்டுமே என்று அருமைநாயகி மனதுக்குள் சொல்கிறாள். கடலுக்குப் போன கணவர் திரும்பாத இந்த மூன்று வருடமும் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி வெறுமையாகவே கிடக்கிறது. அந்த வண்டியைத் தனக்கென்று கொண்டுபோக வந்த மைத்துனன் கனிசியஸ் பெற்றோல் வால்வைக் கழற்றுகிறான். பெற்றோல் படாமல் கிடந்தால் வால்வுக்குள் இருக்கும் தக்கை வளையம் காய்ந்து சுருங்கி, பிறகு ஒழுகும். அதை ஊறவைக்க வெந்நீர் அருகில் ஆவி விடுகிறது. கூரை ஓட்டையால் இறங்கும் மத்தியான வெயிலில், அவன் உள்ளங்கையில் தக்கை, ஊறவைக்குமுன்பே, ஈரமாகப் பருத்துக் கிடக்கிறது. பெற்றோல் தடையால் ஊரே மண்ணெண்ணெயில் ஓடும் இந்நாளில் அது பெற்றோல் மணக்கிறது. “என்ன மச்சாள், அண்ணை ஒளிச்சு வந்து ஓடுறாரோ?” அவன் சிரிக்கிறான், சிரிப்பு பாதியில் நிற்கிறது. “சரி, இண்டைக்கே நான் கொண்டுபோகட்டே?” அவள் சேலைத் தலைப்பால் வண்டியின் இருக்கையைத் துடைக்கிறாள். தூசி இல்லை. “வேண்டாம் தம்பி. பின்னேரம் அவருக்குத் தேவைப்படும்.”