லெசியுக் தெரு யாருக்கு?

“போர்டுல இருக்கிறது எங்க பேருதான் சார். அதைத்தான் எடுத்துடுங்கன்னு கேட்க வந்திருக்கேன்.”

தெருப்பெயர்க் குழுவின் தலைவர் கோர்டன் பிளெட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரே நின்ற டோரீன் லெசியுக்கை ஏற இறங்கப் பார்த்தார். கனடாவின் சஸ்காச்சுவன் சமவெளியில் தடுக்க ஒரு மேடுகூட இல்லாததால் அந்த ஊர் நாலா பக்கமும் வளர்ந்துகொண்டே போனது. என் மாமா பேரை வை, என் சித்தப்பா பேரை வை என்று மாதம் பத்துப் பேராவது வந்து அவர் உயிரை எடுப்பார்கள். வைத்த பேரை எடு என்று வந்த முதல் ஆள் இவள்தான்.

“ஏங்க, போன வருஷம்தானே வச்சோம்? யூஸ்தினா லெசியுக்குக்காக. முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவங்க. பனிப்புயல்ல மாட்டின பத்தொன்பது பிள்ளைங்களை ஒரு பகல் முழுக்க பஸ்ஸுக்குள்ளேயே பாட்டுப் பாட வச்சுக் காப்பாத்தினவங்க. இதுல என்ன குறை கண்டீங்க?”

“குறை அவங்ககிட்ட இல்ல, உங்க சட்டத்துல. குடும்பப் பேரு மட்டும்தான் போர்டுல ஏறும்னு வச்சிருக்கீங்களே! லெசியுக்னு பாத்தா இந்த ஊர்ல யாருக்காவது யூஸ்தினா ஞாபகம் வருதா? கார் வியாபாரி மெட்ரோ லெசியுக்தான் வர்றார்.”

குழு உறுப்பினர் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். சிரிக்காமல் என்ன செய்வது? தொண்ணூறு வயதில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, அந்தப் போர்டுக்குக் கீழே நின்று படம் எடுத்து, ‘ஊர் எனக்குச் செய்த மரியாதை’ என்று காலண்டரே அடித்துவிட்டார் மனுஷன். அந்த அறைச் சுவரிலும் ஒன்று தொங்கியது.

“யூஸ்தினா கல்யாணத்துக்கு முன்னாடி டானிலுக். டானிலுக் தெருன்னு மாத்திடுங்க. தெருவுல பதினோரு வீடு. பதினோரு வீட்டுலயும் கையெழுத்து வாங்கிட்டேன்.”

பிளெட் தாளைப் புரட்டினார். “மெட்ரோ கடுதாசி போட்டிருக்கார். பேரை மாத்தினா வக்கீல் வைப்பாராம்.”

“வைக்கட்டும். அவருக்கு வேற என்ன வேலை?”

“இதோ பாருங்க டோரீன், உங்க அப்பா மெட்ரோ மேல உங்களுக்கு என்ன கோபமோ, எனக்குத் தெரியாது. வீட்டுச் சண்டையைக் கொண்டுவந்து தெருவுல வைக்காதீங்க.”

டோரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முகம் சிவந்துவிட்டது. சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

“கோபமெல்லாம் இல்ல சார். நன்றி, அவ்வளவுதான். யூஸ்தினாவுக்கு எண்பத்தெட்டு வயசு, ஆஸ்பத்திரியில இருக்காங்க. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். போற வழியில அந்தப் போர்டுல அவங்க சொந்தப் பேரை, அவங்க கண்ணால, ஒரு தடவை பாத்துடணும்.”

பிளெட் மெட்ரோவின் கடுதாசியை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“பனிப்புயல் கதை எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, ஜனவரி மாசம், மைனஸ் நாப்பது. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுல இருபத்தோரு வயசுப் பொண்ணும் கைக்குழந்தையும். புருஷன் வேற ஒருத்தியோட போயிட்டான். எண்ணெய் தீந்து கணப்பு அணைஞ்சுபோச்சு. அக்கம்பக்கத்துல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இவளுக்கு நல்லா வேணும்னு பேசிக்கிட்டாங்க.”

“அடப்பாவமே! அப்புறம்?”

“யூஸ்தினா எப்படியோ கேள்விப்பட்டு, ஸ்கூல் பஸ்ஸையே கொண்டாந்து வாசல்ல நிறுத்தினாங்க. ‘குழந்தையைக் கொடு, நீ ஏறு’ன்னாங்க. வேற ஒரு வார்த்தை கேக்கல. ஏப்ரல் வரைக்கும் தன் வீட்டுலயே வச்சுக்கிட்டு, முட்டைக்கோஸ் இலையில சோத்தைச் சுருட்டிச் சுருட்டி ஊட்டினாங்க. அப்புறம் பஸ் ஓட்டச் சொல்லிக் கொடுத்தாங்க. ‘அழறதா இருந்தா பிரேக்கை மிதிச்சுட்டு அழு’ம்பாங்க. வேலையும் வாங்கிக் கொடுத்தாங்க. அந்தக் குழந்தை இன்னைக்கு நர்ஸ் சார்.”

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க,” என்றார். தன் கையைத்தான் முதலில் தூக்கினார். மற்ற இருவரும் தூக்கினார்கள். “டானிலுக் தெரு. புதன்கிழமை புது போர்டு ஏறிடும். மிச்சக் காலண்டரை மெட்ரோ என்ன பண்ணுவாரோ, அது அவர் பாடு.”

டோரீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ரொம்ப நன்றி சார், ரொம்ப ரொம்ப நன்றி,” என்று மூன்று பேருக்கும் கை கொடுத்தாள். பதற்றத்தில் ஒருவருக்கு இரண்டு தடவை கொடுத்தாள்.

பிளெட் வாசல்வரை கூடவே வந்தார். “அப்பாவையே பகைச்சுக்கிட்டு அம்மாவுக்காக இப்படி நிக்கிற பொண்ணை நான் பாத்ததில்ல. யூஸ்தினா கொடுத்து வச்சவங்க.”

“கொடுத்து வச்சவ நான்தான் சார். அவங்க என் அம்மா இல்ல,” என்றாள் டோரீன், தலையைக் குனிந்துகொண்டே. “அந்தக் கைக்குழந்தைக்காரி நான்தான். மெட்ரோ என்னை விட்டுட்டு ஓடுறதுக்கு முன்னாடி, யூஸ்தினாவை விட்டுட்டு ஓடிவந்தது என்கூடத்தான்.”