வளையல் அகலம்

அம்பத்தூர் வாடகை வீட்டின் பின்புறம், காலை வெயில் கொய்யா இலைகளில் எண்ணெய்போல மினுங்குகிறது. நாளை வீட்டுக்காரர் மரத்தை வெட்டப்போகிறார். மழைக்காலத்தில் ஒரு கிளையில் வளையல் அகலத்துக்குத் தோலை உரித்து, ஈரத் தேங்காய் நாரும் பால் கவரும் சுற்றிக் கட்டியிருந்ததை ஆரோக்கியம்மாள் இப்போது அவிழ்க்கிறாள். “தோல உரிச்சா கெள செத்துடும்னு அப்பவே சொன்னேன்,” என்கிறான் கணவன் ராயப்பன். “இன்னாய்யா, எல வாடிச்சா? தண்ணி உள்கட்டை வழியா மேல போய்கினுதான் கீது. எல ஆக்குற சக்கரைதான் தோல் வழியா கீழ எறங்கும். அந்த வழிய அறுத்துட்டேன், சக்கரை இங்கியே தங்கிடுச்சு. அதுலதான் வேர் உடும்.” கவர் பிரிகிறது. உரித்த இடத்தின் மேல்விளிம்பில் வெள்ளை வேர்கள் நாரை இறுகப் பிடித்திருக்கின்றன. அவள் அதற்குக் கீழே ரம்பத்தை வைத்து அறுக்கிறாள். கிளை பச்சையாகத் தோளில் சாய்கிறது. அதை நட மண் கேட்கத் திரும்புகிறாள். ராயப்பன் வாளியோடு நிற்கிறான். அதில் நிரம்பியிருப்பது நேற்றே நனைத்து வைத்த மண்.