கறுப்புப் படங்கு

தேயிலைச் செடி கீறாமலிருக்க மருதாயி இடுப்பில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் படங்கைப் பார்த்ததும் சசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழுந்து பறிக்கும் மற்றப் பெண்களெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கட்டியிருக்க, அவளுடையது மட்டும் பளபளவென்று கறுப்பு. குப்பைக் குழியில் விரிக்க வந்த அதே தாள்.

பலாங்கொடைக்கு மேலேயிருந்த அந்தத் தோட்டத்தில், குழி வேலைக்கு சசிதான் சுப்பவைசர். குழிக்கு நேர் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். அடியில் விரிக்கும் தாள் சரியாக இருந்தால்தான் குப்பையிலிருந்து வடியும் ஊத்தைத் தண்ணீர் மண்ணில் இறங்காது. இல்லாவிட்டால் இருநூறு குடும்பம் குடிக்கும் பீலித் தண்ணீர் கெட்டுப்போகும். இதை லயம் லயமாகப் போய்ப் படித்துப் படித்துச் சொன்னவன் அவன். அதில் போய் ஒருத்தி கைவைப்பதா?

அதையும் ஒளித்துக் கட்டினாளா என்றால் இல்லை. மூன்று நாளாக அவனுடைய கொட்டகை வாசலாலேயே போவதும் வருவதுமாக இருந்தாள். என்ன கொழுப்பு!

கங்காணி கன்னையா, பிள்ளைகுட்டிக்காரி, விட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். சசி மசியவில்லை. நேரே பொலிசுக்குப் போய், இரண்டு மில்லிமீட்டர் தடிப்பான உயர்ந்த சாமான் களவு போனதென்று முறைப்பாடு எழுதிக் கையெழுத்தும் வைத்தான்.

சார்ஜன் மீராசாஹிப் எதையும் சட்டப்படி செய்கிறவர். மருதாயியைத் தாளோடு பொலிசுக்குக் கூட்டிவந்தார். களவுச் சாமானை அளந்து எழுதாமல் கோட்டுக்கு அனுப்ப முடியாதென்று, பிரதேச சபை இஞ்சினியர் சுதர்ஷினியை வரவழைத்தார். அவள் தாளைக் கருவியில் வைத்தாள். நம்பாமல் இன்னொரு தடவையும் வைத்தாள்.

"அரை மில்லிமீட்டர்கூட இல்லையே. குழி முழுக்க இதத்தான் விரிச்சிருக்கீங்களா?"

கொழும்பிலிருந்து முதலாளி அனுப்பினார், சசி விரித்தான். அளந்து பார்க்க அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

அன்று மாலையே வேலை நின்றது. முதலாளியைத் தேடி பொலிஸ் ஜீப் கிளம்பியது.

சார்ஜனுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. "களவெடுத்தத ஒளிச்சு வைக்காம, இவர்ட கண்ணுக்கு முன்னால ஏன் தங்கச்சி கட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்க?"

மருதாயி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தாளு மெலிசா இருக்கு, வந்து அளந்து பாருங்கன்னு மூணு பெட்டிசம் போட்டும் ஒருத்தரும் வரலீங்க, களவுச் சாமான்னா பொலிசு அளக்காம விடாதுல்லீங்களா?"