பெட்ரோல் மூடியில் ஒரு பொட்டு

இஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

காற்றின் இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது.

"கெட்டியாப் புடிச்சுக்க," என்றான் முன் சீட்டில் இருந்த சென்னியப்பன்.

பின் சீட்டில் இருந்தவன் எதைப் பிடிப்பது? மூடிப்போன தறிக்குடோனில் அவர்கள் இருவரும் சேர்ந்து கட்டிய விமானம். குழாயும் துணியும்தான்.

சோளம் அறுத்த காடு ஒன்று கீழேயிருந்து ஏறி வந்தது. சென்னியப்பன் பூப்போலத்தான் இறக்கினான். சக்கரம் மண்ணைத் தொட்டது, ஓடியது.

வரப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை.

மூக்கு மண்ணில் குத்தி, வால் மேலே நின்றது.

உயிர் போய் உயிர் வந்தது. பின் சீட்டில் இருந்தவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சென்னியப்பனுக்குத்தான் வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பிக் கிடந்தது. அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்து, வரப்போரம் படுக்கவைத்தான்.

பெட்ரோல் ஒழுகினால் தீப்பிடித்துக்கொள்ளும் என்று டேங்க்கைப் பார்க்கத் திரும்பி ஓடினான்.

ஒழுகவில்லை. டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது.

மூடியின்மேல் அவன் நேற்று வைத்த பொட்டும் இருந்தது.

நேற்று ஆயுத பூஜை. காற்றாடிக்கு, சக்கரத்துக்கு, ஸ்பேனருக்கு என்று வைத்துக்கொண்டே வந்தான். சென்னியப்பன் சாமி கும்பிடாதவன். "உன்ற திருப்திக்கு என்னமோ பண்ணு" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவனும் திருப்தியாகவே பண்ணினான். சந்தனத்தில் கஞ்சத்தனம் அவனுக்குப் பழக்கமில்லை. மூடியின் நட்டநடுவில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தான்.

நட்டநடுவில்தான் காற்றுத் துளை இருந்தது.

அந்தத் துளை அடைத்துக்கொண்டால், டேங்க் நிறைய இருந்தாலும் பெட்ரோல் இறங்காது. மொபெட் ஓட்டுகிற எவனுக்கும் தெரியும். அவனோ டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். சாமி காரியம் என்றதும் தொழில் புத்தி ஓரமாய்ப் போய் நின்றுகொண்டது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. குரங்கோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

சந்தனம் ஓடாய் இறுகியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். துளை திறந்ததும் டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

சென்னியப்பனுக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தான்.

கேட்கவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"கார்புரேட்டர நாந்தான்டா மாட்டுனேன். எங்கியோ கோட்ட உட்டுட்டேன். உன்னையக் கொல்லப் பாத்தேனே! இனி இதுல கை வெச்சா என்னயச் செருப்பால அடி. நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுரு."

கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு இந்த விமானத்தைக் கட்டினவன்.

சொல்லிவிடலாம். உன் தப்பு இல்லை என்று ஒரு வார்த்தை. கால் தேறியதும் சென்னியப்பன் மறுபடி பறந்துவிடுவான்.

ஆனால் வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் தண்ணீர்க் கேனோடு ஓடிவந்தாள்.

"அட சாமீ! யாரு செஞ்ச புண்ணியமோ, உசுரோட இருக்கறீங்க!"

சென்னியப்பன் அவனைப் பார்த்தான். கும்பிட்டுப் பழகாத கைகள் மெல்ல மேலே வந்து சேர்ந்துகொண்டன.

"இவன் நேத்துப் பூசை போட்டானுங்கக்கா," என்றான். "அதுதான் காப்பாத்துச்சு."

அவள் சென்னியப்பனுக்குப் புகட்டிவிட்டு, அவனிடமும் கேனைச் சாய்த்தாள். தொண்டை வறண்டு ஒட்டிக் கிடந்தது. இரண்டு கையையும் ஏந்தினான்.

ஆனால் முதலில் கட்டைவிரல் நகத்தைக் கழுவினான்.