பின்கதவுத் தாழ்ப்பாள்

"அண்ணி, குடைச்சல் வந்துட்டா!"

நாத்தனார் போனை ஆட்டிக் காட்டினாள். எழுத்தாளருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

நாற்பது நாளாகக் கைபேசிச் செயலியில் ஒரு காதல் தொடர் எழுதி வருகிறாள். தினம் ஓர் அத்தியாயம். நாயகன் கோபக்காரன். கோபத்தில் மனைவியின் கையை முறிப்பான். பிறகு அவனே சாப்பாடு ஊட்டிவிடுவான். வாசகிகள் உருகி வழிந்தார்கள்.

இந்த ஒருத்தி மட்டும் உருகவே மாட்டாள். பேர் இல்லை, படம் இல்லை. தினமும் ஒரு கேள்வி கேட்பாள், அவ்வளவுதான். குடைச்சல் என்று பெயர் வைத்தது நாத்தனார்.

"இன்னிக்கு என்னவாம்?"

"'புருஷனை விட்டுட்டு அவ பின்கதவு வழியா கிளம்பறான்னு எழுதியிருக்கீங்களே, தாழ்ப்பாள் சத்தம் போடாதா'ன்னு கேக்கறா."

"போன வாரம் என்ன கேட்டா?"

"அந்தப் பொண்டாட்டி தன் சர்டிபிகேட்டையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சான்னு. மாவு டப்பாவுலன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தி, முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு."

"குத்தம் கண்டுபிடிக்கறதே பொழப்பா வச்சிருக்கா. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டாச்சுன்னு எழுது. இவ்வளவு விவரம் வேணும்னா நீங்களே ஒருதடவை கிளம்பிப் பாருங்க மேடம்னும் சேர்த்துப் போடு."

நாத்தனார் சிரித்துக்கொண்டே போட்டாள். இருநூறு பேர் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். குடைச்சல் மட்டும் 'சரிங்க' என்று பதில் போட்டாள்.

மறுநாள் விடிந்தது; அன்றைக்குக் கடைசி அத்தியாயம். அதை எழுதி முடித்து ஒரு வாரம் ஆயிற்று. மனைவி பஸ் ஏறிப் போய்விடுவாள், திரும்பியே பார்க்கமாட்டாள். எழுத்தாளருக்கு ரொம்பப் பிடித்த முடிவு.

ஆனால் வாசகிகள் விடுவார்களா? 'ஜோடியைப் பிரிச்சா உங்க கதைப் பக்கமே வரமாட்டோம்' என்று ஆளாளுக்குக் கொடி பிடித்தார்கள்.

அரைமணி நேரத்தில் முடிவை மாற்றினாள். கணவன் பஸ் நிறுத்தத்துக்கு ஓடி வருகிறான். காலில் விழுந்து அழுகிறான். அவள் பையோடு வீடு திரும்புகிறாள்.

படித்துப் பார்த்த நாத்தனார் முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டா? நாளைக்கு எனக்குக் கல்யாணமாகி, வர்றவன் கையை நீட்டினா என்ன பண்ணுவீங்க?"

"அந்த நிமிஷமே வண்டி வச்சுட்டு வந்து உன்னைக் கூட்டிட்டு வந்துருவேன். இதென்ன கேள்வி?"

"அவன் காலில விழுந்து அழுதா?"

"அழட்டும். அடிச்சுப் பழகின கை சும்மா இருக்குமா?"

"அப்ப இவளை மட்டும் ஏன் திருப்பி அனுப்பறீங்க?"

"அடியே, இது கதைடி! கதையைப் படிச்சுட்டு யாராவது குடும்பம் நடத்துவாங்களா?"

எழுத்தாளர் புதிய முடிவை ஏற்றிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

அடுத்த நாள் மதியத்துக்குள் பாராட்டு மழை. எழுத்தாளர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தாள். 'கண்ணு கலங்கிடுச்சு', 'அடுத்த தொடர் எப்போ?', 'இதுதான் உண்மையான காதல்'.

"குடைச்சல் என்ன சொல்றா? வாயை மூடிக்கிட்டாளா?"

நாத்தனார் தேடினாள். "நேத்து சாயங்காலமே போட்டிருக்கா அண்ணி, நாமதான் பாக்கலை. அட, நன்றியெல்லாம் சொல்றா!"

"பாத்தியா? வழிக்கு வந்துட்டா. சத்தமா படி."

நாத்தனார் குரலை உயர்த்தினாள். "'முடிவைப் படிச்சேன், நன்றிங்க. நாற்பது நாளா உங்க கதையோட கூடவே நானும் தயாராகிட்டு இருந்தேன். என் சர்டிபிகேட்டும் இப்ப மாவு டப்பாவுலதான் இருக்கு. நேத்துதான் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன்...'"

நாத்தனார் படிப்பதை நிறுத்திவிட்டு மளமளவென்று போனில் எதையோ தட்டினாள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

எழுத்தாளருக்கு 'நீங்களே கிளம்பிப் பாருங்க மேடம்' என்று போடச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"பதில் போடு. உடனே கிளம்பச் சொல்லு. நான் முதல்ல எழுதின முடிவு வேறன்னு சொல்லு!"

"இப்பதான் போட்டேன் அண்ணி. ஆனா நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் அவ ஆன்லைன்லயே வரலை."

ஈரக் கையோடு போனைப் பிடுங்கி, மிச்சத்தை அவளே படித்தாள்.

'அவ பஸ் ஏறினா, அடுத்த பஸ்ல நானும் ஏறிடணும்னு இருந்தேன். கை முறிஞ்சவளே திரும்பிப் போயிட்டா. எனக்குப் பல்லு ரெண்டுதானே போயிருக்கு? இவரும் ஒருநாள் அழுவாருங்க. அவர் வர்ற நேரமாச்சு. பையைப் பிரிச்சு, துணியையெல்லாம் பழைய இடத்துலயே அடுக்கி வச்சுட்டேன்.'