சிவப்பு மையில் ஒரு சொல்

ஆவுடையப்பன் தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் வாட்ச்மேன். மனைவி கோமதி தென்காசியில் இருந்தாள். சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு அவர் அனுப்பும் மனு ஆண்டுதோறும் திரும்பி வரும். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும். அவர் போனில் எழுத்துக் கூட்டுவார். கோமதி அகராதியைப் புரட்டுவாள்.

"ரீசப்மிட். மறுபடியும் அனுப்பணுமாம்."

அடுத்த ஆண்டு ரீவெரிஃபை.

"மறுபடியும் சரிபாக்கணுமாம். ரீன்னு ஆரம்பிச்சாலே மறுபடியும்தான். அவுங்களுக்கு வேற எழுத்தே தெரியாதா?"

இருபத்திரண்டு ஆண்டுகளில் அகராதியின் அந்தப் பக்கங்கள் மட்டும் கழன்று வந்துவிட்டன.

கடைசியாக வந்த சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. ரிட்டயர்மென்ட். அவர் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார். ஜன்னல் திறந்தது.

"உள்ள வரட்டுமா, ஏட்டி?"

"ஒரு மனு எழுதிக் குடுங்க, பாக்கேன்."

பெட்டிமேல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். சற்று நேரத்தில் அது ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சொல். நீளமான சொல்.

அகராதி உள்ளே இருந்தது.