பூவிலேயே வாங்கிய கையெழுத்து

முப்பது லட்சம். சட்டைப் பையில் அடங்கிவிடுகிற ஒரு காகிதத்துக்கு அதுதான் பேசிய விலை. பணம் திருப்பதியில் ஒரு லாட்ஜ் அறையில் காத்திருந்தது. காகிதம் எத்திராஜின் நெஞ்சுக்கு நேரே, வேர்வை படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

சித்தூரில் ஓட்டு எண்ணும் இடத்துக்கு எதிர் டீக்கடையில் அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே மேஜர் சுதீர் எண்ணூறு ஓட்டு பின்தங்கியிருந்தார். அவர் ஜெயிக்க வேண்டும் என்று எத்திராஜ் வேண்டிக்கொண்ட அளவுக்கு மேஜரின் பெண்டாட்டிகூட வேண்டியிருக்க மாட்டாள்.

எத்திராஜ் மாங்காய் வியாபாரி. தோப்பைக் காய்க்கும் முன்பே, பூவிலேயே விலை பேசிப் பிடிப்பவர். பூவில் பேசினால் மலிவு. பிஞ்சு நின்றால் லாபம், உதிர்ந்தால் தலைவிதி. காகிதத்திலும் அதே கணக்குத்தான். போர்க்களத்தில் அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட உத்தரவுகளை, அவர்கள் அரசியலில் பெரிய ஆளாகும் முன்பே வாங்கிப் பூட்டி வைப்பார். பெரிய ஆளான பிறகு வாங்க வியாபாரி எதற்கு, பணக்காரன் போதும்.

இந்தக் காகிதம் கார்கில் மலைச் சண்டையில் சுதீர் எழுதியது. 'யாரும் இறங்கக் கூடாது. நானும் இறங்க மாட்டேன்' என்று இரண்டு வரி, கீழே கையெழுத்து. அவரிடம் சிப்பாயாக இருந்த வடமாலபேட்டை சின்னப்பன், குடிக்கக் காசில்லாத ஒரு நாள் ஐந்நூறு ரூபாய்க்கு அதை எத்திராஜிடம் தள்ளிவிட்டான். மற்ற உத்தரவெல்லாம் குண்டு விழுந்து எரிந்துவிட்டது, உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று பிள்ளைமேல் சத்தியமும் செய்தான்.

பூவில் பிடித்தவன்தான் மருந்தும் அடிக்க வேண்டும். பட்டாளத்தை விட்டு வந்து தேர்தலில் நின்ற சுதீர் முதல் தடவை டெபாசிட் இழந்தபோது, எத்திராஜுக்குத்தான் வயிறு எரிந்தது. இந்தத் தடவை கார்வேட்டிநகரத்துத் தோப்பை அடமானம் வைத்துச் செலவுக்குக் கொடுத்தார்.

எதற்காக எனக்கு இவ்வளவு செய்கிறீர்கள் என்று மேஜர் கண்கலங்கினார். எத்திராஜ் காகிதத்தை எடுத்துக் காட்டி, இதைச் சாமி படத்தோடு வைத்துக் கும்பிடுகிறேன் என்று ஒரு போடு போட்டார். வியாபாரத்தில் அந்த அளவு பொய்க்குப் பாவமில்லை.

போன் அடித்தது. லாட்ஜிலிருந்து நந்திதா, பழைய கையெழுத்துகளை வாங்கி வெளிநாட்டில் விற்பவள். மேஜர் ஜெயித்தால் முப்பது லட்சம், தோற்றால் கடலை மடிக்கிற காகிதம் என்று ஏற்கனவே சொல்லியிருந்தாள். இப்போது இன்னொன்றை உறுதிப்படுத்திக்கொள்ளக் கூப்பிட்டிருந்தாள்.

"அவர் கையெழுத்து போட்ட சண்டை ஆர்டர் வேற எங்கயும் இல்லியே சார்? இன்னொண்ணு இருந்தா எனக்கு வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணும்மா. இன்னொண்ணு இருந்தா இத்த எங்கையாலயே கிழிச்சிப் போட்டுட்றேன்."

அடுத்த சுற்றில் வித்தியாசம் முந்நூறாகக் குறைந்தது. மேஜருக்காகப் பூத்தில் உட்கார்ந்த ஆட்கள் கூட்டமாக டீ குடிக்க வந்தார்கள். ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கவர் துருத்திக்கொண்டிருந்தது. காலையில் மேஜர் தன் கையாலேயே கொடுத்தாராம்.

எத்திராஜுக்குச் சுருக்கென்றது. தான் கொடுக்காத பணம் இந்த மனிதனுக்கு எங்கிருந்து வந்தது? எவ்வளவு என்று ஒருவனிடம் ஜாடையாகக் கேட்டார். அவன் கவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டீயை வாங்கப் போனான். கவர் கனமாகத்தான் இருக்கும் என்று எத்திராஜ் பல்லைக் கடித்தார்.

கடைசிச் சுற்று. டீக்கடைக்காரர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஒலிபெருக்கி இரண்டு முறை இருமியது. மேஜர் சுதீர், நூற்றுப் பதினான்கு ஓட்டில் வெற்றி.

பட்டாசு வெடித்தது. எத்திராஜ் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் நந்திதாவைப் பிடித்தார். பணத்தோடு கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். அவருக்கு நெஞ்சுக்குள் தோப்பு முழுக்கக் காய்த்துத் தொங்கியது.

மாலையும் கழுத்துமாக வெளியே வந்த மேஜர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக அவரிடம் வந்து கட்டிக்கொண்டார்.

"அண்ணா, எனக்கு ஓட்டு கேட்டு அலைஞ்ச பசங்களுக்குக் குடுக்க எங்கிட்ட இன்னா கீது? நீ அந்தக் காய்தத்த சாமி படமாட்டம் வெச்சிக்கினு கீறத பார்த்துதான் எனக்கு யோசனையே வந்திச்சு."

எத்திராஜுக்குப் புரியவில்லை. எந்த யோசனை என்று கேட்டார்.

"சண்டையில நான் எழுதி அனுப்பற ஆர்டர படிச்சிட்டு எனக்கே திருப்பி அனுப்பிடணும். எதிரி கையில சிக்கக் கூடாதுல்ல. சின்னப்பன் ஒருத்தன்தான் தர்ல. மத்ததெல்லாம் எங்கூட்டு டிரங்குப் பெட்டியில பத்திரமா இருந்திச்சு. பூத்துக்கு ஒண்ணுன்னு இருநூத்திப் பத்து பேருக்கும் கவர்ல போட்டு காலையிலயே குடுத்துட்டேன்."

எத்திராஜின் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது. முகம் வெளுத்துப் போனது. அதைப் பார்த்த மேஜர் பதறிப்போய் அவர் தோளைத் தட்டினார்.

"கோச்சிக்காதண்ணா, உனக்குன்னு தனியா நாலு எடுத்து வெச்சிருக்கேன்."